விரல்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம்

காலையில் கண் விழித்தது முதல் இரவில் ஜெபமாலை சொல்லி முடிக்கும் வரை நம் விரல்களுக்கு ஓய்வில்லை. தலை பின்னுகின்றன, ரிப்பன் கட்டுகின்றன, பொத்தானை மாட்டுகின்றன, பேனா மூடியைத் திருகுகின்றன, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு செல்கின்றன. "விரலே, பொத்தானைப் பிடி, துளையைத் தேடு, உள்ளே தள்ளு" என்று நாம் எவரும் கட்டளையிடுவதில்லை. எல்லாம் தாமே நடப்பனபோலத் தோன்றுகின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் நமக்கு ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தவையே. எல்.கே.ஜி. குழந்தைகள் தம் காலணி வாரை மாட்டுவதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு முயலுவதைப் பார்த்தாலே இது விளங்கும்.

சிறு தசைகளைக் கொண்டு, கண்ணின் துணையோடு, நுட்பமான வேலைகளைச் செய்யும் இந்த ஆற்றலை நுண்ணியக்கத் திறன் என்பர். ஓடுதல், தாண்டுதல், பந்தெறிதல் முதலியவை பேரியக்கங்கள். எழுதுதல், தைத்தல், பூத்தொடுத்தல், வீணை மீட்டுதல் முதலியவை நுண்ணியக்கங்கள். இத்திறன் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம் என்றும், மற்றவர்க்கு எத்தனை முயன்றாலும் கிட்டாது என்றும் பலர் எண்ணுகின்றனர். கையெழுத்துக் கோழி கிண்டினாற்போல் இருக்கும் ஒரு சிறுமியைப் பார்த்து, "இவளுக்குக் கை வராது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு சரிதானா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையின் அமைப்பு

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டை விரலுக்கு மட்டும் இரண்டு. மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று. இரு கைகளிலும் சேர்த்து 54. நம் உடலில் உள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்த இரண்டு கைகளிலேயே அமைந்துள்ளன என்பது வியப்பன்றோ!

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. விரல்களை வலிமையாக மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை! அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டத்தில் மேலே நிற்பவர் கயிற்றை இழுக்கக் கீழே பொம்மை ஆடுவதுபோலத்தான் இதுவும். நம்பாத தோழியர் இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கலாம். தோலுக்கு அடியில் தசைகள் புரள்வது நன்றாகத் தெரியும்.

இன்னொரு சோதனை. உள்ளங்கையை மேசை மீது கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள். கட்டை விரல் எழும். ஆள்காட்டி விரல் எழும். சுண்டு விரலும் எழும். மோதிர விரல் மட்டும் எழாது. அடம் பிடிப்பதால் அன்று. புறங்கையில் அதன் நாண் பக்கத்து விரலின் நாணோடு பிணைந்திருப்பதால். எனவே விரல்கள் ஐந்தும் தனித்தனியே இயங்குவது எளிதான காரியமன்று. வீணை பயில்வோர்க்கும் தட்டச்சுப் பயில்வோர்க்கும் மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசியில்தான் வசப்படுகின்றன. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை, அமைப்பே அப்படி.

மூளையும் கையும்

கயிற்றை இழுப்பது தசை. அதற்கு ஆணையிடுவது மூளை. கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகள் பலருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் ஒவ்வோர் இடத்தையும் மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார். ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது. மற்றோரிடத்தைத் தொட்டால் உதடு அசைந்தது. இப்படிக் கிடைத்த செய்திகளைத் தொகுத்து 1937இல் தம் துணைவரோடு வெளியிட்டார். அசைவுகளை ஆளும் மூளைப் பகுதியில் முதுகுக்கும் இடுப்புக்கும் சிறிய இடமே இருக்க, கைக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது!

அசைவுக்கு மட்டுமன்றித் தொடு உணர்வுக்கும் விரல் நுனியே அரசி. இரண்டு குச்சிகளை மிக நெருக்கமாகப் பிடித்து, கண்ணை மூடியிருக்கும் தோழியின் விரல் நுனியில் மெல்ல வையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே "இரண்டு" என்று சொல்லிவிடுவாள். அதையே முன்கையில் வைத்தால், மூன்று நான்கு சென்டிமீட்டர் விலகினால்தான் இரண்டு என்று தெரியும்; அதுவரை ஒன்று என்றே சொல்லுவாள்.

பின் மண்டையில் உள்ள சிறுமூளைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கை போக நினைத்த இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் அது ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த முறை அசைவைச் சற்றே திருத்துகிறது. நூறு முறை செய்தால் நூறு திருத்தங்கள். "கை திருந்திவிட்டது" என்று நம் பெரியோர் சொல்கிறார்களே, உண்மையில் திருந்துவது மூளைதான்.

குழந்தையின் கை வளரும் விதம்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். அது பாசத்தால் அன்று, அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதங்களில் அது மறைந்து, விரும்பிய பொருளை முழுக் கையால் வாரிப் பிடிக்கும் பழக்கம் வருகிறது. ஒன்பது பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இடுக்கிபோல் கூடுகின்றன. அப்போது தரையில் கிடக்கும் ஒற்றைப் பருக்கையும் தப்பாது, எறும்பும் தப்பாது! ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டைகளை அடுக்கும். மூன்று வயதில் வட்டம் வரையும், நான்கு வயதளவில் சிலுவைக் குறி, அதன்பின் சதுரம், ஐந்து வயதைத் தாண்டும்போது முக்கோணம். சில குழந்தைகள் சற்று முந்தும், சில பிந்தும்.

மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகளே. அவை ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பன்னிரண்டு வயது வரை ஆகலாம். நம் 'அ' என்னும் எழுத்தையே பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு நான்கும் அதில் உண்டு. 'ண' என்று எழுத விரல் எத்தனை முறை சுழல வேண்டும்! முக்கோணமே வரையத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு பக்கம் எழுத்து வேலை கொடுத்து, அது அழும்போது அதட்டுவது முறையா என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

எழுதும் முன்னே கைக்குப் பயிற்சி

இதை முதலில் நன்கு உணர்ந்து ஒரு கல்வி முறையாகவே ஆக்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870இல் இத்தாலியில் பிறந்த இவர், பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில், 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

அங்கே பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே விரல்களுக்குப் பயிற்சி தொடங்கியது. மரக்கட்டையில் உள்ள குழிகளில் பொருந்தும் சிறு உருளைகளைக் குமிழைப் பிடித்துத் தூக்கிப் பொருத்த வேண்டும். குமிழைப் பிடிக்கும் மூன்று விரல்களே பின்னாளில் பென்சிலைப் பிடிக்கும் மூன்று விரல்கள்! பொத்தான் மாட்டவும் முடிச்சுப் போடவும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை இரு விரல்களால் தடவித் தடவி, எழுத்தின் வடிவத்தைக் கை மனப்பாடம் செய்தது.

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் நம் நாட்டுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் நம் கொடைக்கானலில் வாழ்ந்து பணி செய்தார் என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவது.

நம் முன்னோரும் இவ்வழியை அறியாதவர்களல்லர். திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதியது. ஓலையும் எழுத்தாணியும் பின்னர் வந்தன. ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. காயை ஒவ்வொன்றாகக் குழியில் இடும்போதும், எறிந்த கல் விழுமுன் தரைக்கல்லை வாரும்போதும் கண்ணும் கையும் ஒத்துழைக்கப் பழகின. புள்ளி வைத்துக் கோலமிடும் தாய், விரலிடுக்கில் வழியும் மாவின் அளவைக் கண்ணால் பாராமலே அறிவாள். கன்னியர் மடங்களிலும் ஊசி வேலைக்குச் சிறப்பிடம் உண்டு. 1897இல் பெல்ஜியத்திலிருந்து இன்றைய குமரி மாவட்டத்தின் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் டி மெஸ்டர், அங்கிருந்த ஆதரவற்ற சிறுமியரைப் பேணும் பணியை ஏற்றார். அம்மடத்துச் சிறுமியர் கற்ற பூத்தையலும் லேஸ் பின்னலும் அவர்களுக்குச் சோறு போடும் தொழிலாயின.

வேலூரில் நிகழ்ந்த அதிசயம்

கை கற்றுக்கொள்ளும் என்பதற்கு வேலூரைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? தொழுநோய் முற்றினால் நரம்புகள் கெட்டு விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடும். மருந்தால் நோய் ஆறினாலும் அக்கை ஒரு குவளையைக்கூடப் பிடிக்காது. நம் கொல்லிமலையில் பிறந்தவரான டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும்போது இக்கைகளை ஆராய்ந்தார். முன்கையில் உள்ள தசைகள் பல கெடாமல் இருப்பதைக் கண்டார். நன்றாக இருக்கும் ஒரு நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கும் அறுவையை 1948 முதல் செய்யலானார்.

தைத்தவுடன் கை வேலை செய்துவிடுமா? செய்யாது. மோதிர விரலை இழுத்த நாண் இப்போது கட்டை விரலில் இருக்கிறது. நோயாளி "மோதிர விரலே, மடங்கு" என்று நினைத்தால் கட்டை விரல் அசைகிறது! இத்தகைய குழப்பத்தை நாள்தோறும் செய்யும் பயிற்சியால் மூளை மெல்ல மெல்லத் தீர்த்துக்கொள்கிறது. சில வாரங்களில் கட்டை விரலை நினைத்தால் கட்டை விரலே அசைகிறது. ஒருகாலத்தில் ஊரார் ஒதுக்கிய மனிதர்கள் மீண்டும் உளி பிடித்துத் தச்சு வேலை செய்தார்கள். நடு வயதில், நோயுற்ற கைக்கே புதிதாய்க் கற்க முடியுமென்றால், ஆறு வயதுச் சிறுமியின் நலமான கைக்கு முடியாதா?

கண்ணொளி இழந்த லூயி பிரெயில், ஆறு புள்ளிகளால் அமைந்த தம் எழுத்து முறையை 1824இல் உருவாக்கியபோது அவருக்கு வயது 15. அஃதாவது, பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் வயதுதான்! விரல் நுனி படிக்கக் கற்றுக்கொள்ளும் என்று அவர் நம்பினார். இன்று உலகெங்கும் எத்தனையோ விரல்கள் படிக்கின்றன.

பயிற்சி செய்யும் முறை

திறனை வளர்க்க விரும்புவோர் சில உண்மைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, தோள் உறுதியானால்தான் விரல் உறுதியாகும். மரத்தின் அடி ஆடினால் கிளை நுனி நிலையாய் நிற்குமா? ஆகையால் குழந்தைகள் ஊஞ்சலாடட்டும். கம்பியைப் பிடித்துத் தொங்கட்டும். சப்பாத்தி மாவு பிசைதல், ஈரத் துணியைப் பிழிதல் ஆகியவையும் கைக்கு வலுவூட்டும்.

இரண்டாவது, உட்காரும் முறை. பாதங்கள் தரையில் படிய வேண்டும். முழங்கை மேசை மீது இருக்க வேண்டும். வலக்கையால் எழுதுவோர் தாளை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கலாம். இடக்கையால் எழுதுவோர் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். பேனாவை இறுக்கிப் பிடிப்பவர்க்கு விரைவில் கை வலிக்கும். சிறு குழந்தைக்கு நீளப் பென்சிலைவிடத் துண்டுப் பல்பமும் துண்டுச் சாக்கட்டியும் நல்லவை. நீளம் குறைந்தால் முழுக்கையால் பிடிக்க இடமில்லை. மூன்று விரலால்தான் பிடித்தாக வேண்டும்.

மூன்றாவது, நிதானம். தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாளே கடிதம் அடிக்கச் சொல்லுவதில்லை. ஒரே வரிசை எழுத்துகளைத் திரும்பத் திரும்ப, மெதுவாக, பிழையின்றி அடிக்கச் சொல்லுகிறார்கள். வேகம் தானே பின்தொடர்ந்து வரும். தவறாக விரைந்து செய்தால் தவறே பழகிவிடும்.

நான்காவது, அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் எழுதுவதைவிட நாள்தோறும் கால் மணி நேரம் எழுதுவது மேல். நாம் உறங்கும்போதும் மூளை அன்று பழகிய அசைவுகளை உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஆகவே இரவு முழுதும் விழித்துப் பழகுவதால் பயனில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை. முருங்கைக்கீரை உருவுதல், பட்டாணி உரித்தல், அரிசியில் கல் பொறுக்குதல், மல்லிகை தொடுத்தல், மணி கோத்தல், காகிதக் கப்பல் மடித்தல், கத்தரிக்கோலால் கோட்டின்மேல் வெட்டுதல், துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறத்தல் முதலிய யாவும் விரல்களின் பாடப் புத்தகங்களே. இன்று சிறு குழந்தைகளும் செல்பேசித் திரையை ஒரு விரலால் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அது கெட்டிக்காரத்தனம் என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் பிடிப்பதற்கும் முறுக்குவதற்கும் கோப்பதற்கும் ஒன்றுமில்லை. கீரைக் கட்டு கற்பிப்பதை அது கற்பிக்காது.

"கை வராது" என்று சொல்லலாமா?

எல்லாரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. நூறு குழந்தைகளில் ஐந்தாறு பேருக்கு அசைவுகளை ஒருங்கிணைப்பதிலேயே குறை இருப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். பொத்தான் போட நேரமாகும். எழுத்து கோட்டில் நிற்காது. டம்ளர் தவறி விழும். இதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. சோம்பலும் காரணமன்று. செயல்முறை மருத்துவம் பயின்றவர்கள் தகுந்த பயிற்சி கொடுத்து இவர்களுக்கு உதவ முடியும். ஆனால் அதற்கு முன் எவரேனும் ஒருவர், "இது அடத்தால் வந்ததன்று" என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். அது மூளை அமைந்த விதம். "நொட்டாங்கைக்காரி" என்று கேலி செய்வதாலும், கையைக் கட்டி வைப்பதாலும் மூளையை மாற்ற இயலாது. வணக்கத்துக்குரிய வழக்கங்களுக்கு வலக்கையைப் பழக்கலாம். எழுதும் கையை அதன் போக்கிலே விடுவதே அறிவுடைமை.

அழகாக எழுதவில்லை என்பதற்காகக் குழந்தையின் விரல் கணுக்களில் அளவுகோலால் அடிக்கும் பழக்கம் முன்பு பல இடங்களில் இருந்தது. குழந்தைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் சொல்லால் அடிப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது நம் கையில்தான் இருக்கிறது. அஞ்சிய குழந்தை பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்; இறுகிய விரல்கள் சுழிக்கா; எழுத்து இன்னும் கெடும். ஆகவே திட்டுவது இரக்கமற்றது மட்டுமல்ல, பயனற்றதும்கூட.

முடிவுரை

திறன் பிறவியில் வருவதன்று. விரலும் மூளையும் சேர்ந்து பழகிப் பழகிச் சேர்ப்பது என்று கண்டோம். மேல் வகுப்பு மாணவியராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் எழுத்து வராமல் கலங்கி நிற்கும் தங்கைகள் இருப்பார்கள். உணவு இடைவேளையில் பத்து நிமிடம் அவர்களோடு ஐந்தாங்கல் ஆடலாம். மணி கோக்கச் சொல்லித் தரலாம். 'ண'வின் மூன்று சுழிகளையும் அவர்கள் கையைப் பிடித்து மணலில் எழுதிக் காட்டலாம். வீட்டில் பக்கவாதத்தால் கை தளர்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், மருத்துவர் சொன்ன விரல் பயிற்சியை அவர்கள் செய்யும்போது பொறுமையுடன் பக்கத்தில் அமரலாம்.

நாசரேத்தூரில் புனித சூசையப்பரின் பட்டறையில் நம் ஆண்டவரும் சிறு பிள்ளையாய் நின்று உளி பிடிக்கப் பழகினார். முதல் நாளிலேயே அவருடைய பலகை நேராக அமைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் பொறுமையுள்ள ஒரு தந்தை இருந்தார். அத்தகைய பொறுமையை நாமும் சின்னஞ்சிறு கைகளுக்குக் கொடுப்போமாக!